ஊர்ப்பேர் மாத்துற கவர்மெண்ட் சர்வீஸ்: மூணு ஸ்டார், ஆஃப்டர் சேல்ஸ் சுத்தமா கிடையாது

மிக்ஸிக்கு ரிவ்யூ இருக்கு, பிரியாணி கடைக்கு இருக்கு, ஏசி மெக்கானிக்குக்குக் கூட இருக்கு, ஊர்ப்பேர மாத்தித் தர்ற அரசாங்க சர்வீஸுக்கு மட்டும் ஒரு ரிவ்யூவும் காணோம். அதான் எழுதுறேன். நம்ம எல்லாருமே அதோட கஸ்டமர்தான், யாரும் ஆர்டர் பண்ணல, ஆனா டெலிவரி வீட்டு வாசலுக்கே வந்துடும், திருப்பி அனுப்பவும் முடியாது.

நான் கடலூர் பக்கம். வேலை புதுச்சேரில. தினமும் பஸ்ல ரெண்டுக்கும் எல்லையா இருக்குற முள்ளோடைய தாண்டிப் போயி தாண்டி வர்றவன். இந்த ரூட்ல இருக்குற ரெண்டு பெரிய ஊரும் பேர் மாத்தற விஷயத்துல நல்லா அடிபட்டு வந்த ஊருங்க, அதனால இதப்பத்தி பேச எனக்கு தகுதி இருக்குன்னு நெனைக்கிறேன். அதுக்கு மேல எங்க தெருவுக்கே பேர் மாத்துனோம், அந்தக் கதைக்கு அப்புறம் வர்றேன்.

மொதல்ல இந்த சர்வீஸ் எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லிடறேன், ஏன்னா நெறைய பேரு கலெக்டர்கிட்ட மனு குடுத்தா அவரே கையெழுத்து போட்டு மாத்திடுவாருன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க. அப்படி இல்ல. மாநிலத்தோட பேர மாத்தணும்னா பார்லிமெண்ட்ல சட்டம் போடணும், அரசியல் சட்டம் 3வது பிரிவு, சாதாரண மெஜாரிட்டி போதும். மாநிலமா இருந்தா ஜனாதிபதி அந்த மசோதாவ அந்த ஊரு சட்டசபைக்கு அனுப்பி உங்க கருத்து என்னன்னு கேக்கணும். யூனியன் பிரதேசமா இருந்தா அப்படி கேக்கணும்னு கட்டாயம் இல்ல. சட்டத்துலயே தெளிவா போட்டிருக்கு, பேர் மாத்துற இடத்துல மாநிலம்னு சொன்னா அதுல யூனியன் பிரதேசமும் அடக்கம், ஆனா கருத்து கேக்குற இடத்துல வர்ற மாநிலத்துல யூனியன் பிரதேசம் அடங்காதுன்னு. புதுச்சேரிகாரங்க இத ஒருதடவ படிச்சுப் பாருங்க, மாநில அந்தஸ்து கேக்குறவங்க எதுக்கு கத்துறாங்கன்னு புரியும்.

கிராமம், டவுனு, ரயில்வே ஸ்டேஷன் பேருன்னா அவ்ளோ தூரம் போவ வேணாம். மாநில அரசு காரணம் எழுதி மத்திய உள்துறைக்கு அனுப்பும், அவங்க ரயில்வே, தபால் துறை, சர்வே ஆஃப் இந்தியா இவங்ககிட்டல்லாம் உங்களுக்கு ஆட்சேபணை இருக்கான்னு கேட்டுட்டு சரின்னு சொல்லுவாங்க, அப்புறம் அரசாணை, கெசட். தெருப்பேருன்னா இந்த டெல்லி பயணம் எதுவும் இல்ல, உள்ளாட்சில தீர்மானம், அதுக்கு மேல மாநில அரசோட முடிஞ்சுது.

இந்த உள்துறை வேலைக்கு ஒரு ரூல் புக் இருக்கு, 1953 செப்டம்பர்ல மாநிலங்களுக்கு அனுப்புன கடிதம்தான் அது. இன்னிக்கும் அதத்தான் அடிப்படையா வச்சிருக்காங்க. இந்த மொத்த சர்வீஸ்லயே எனக்கு பிடிச்ச பார்ட் இதான், இதுக்கு மட்டும் தனியா அஞ்சு ஸ்டார் குடுப்பேன். ரொம்ப சின்னதுதான். ஜனங்களுக்குப் பழகிப்போன பேர விசேஷமான காரணம் இல்லாம மாத்தாதீங்க. வரலாறு ஒட்டிக்கிட்டு இருக்குற பேர முடிஞ்ச வரைக்கும் தொடாதீங்க. ஊர்ப்பாசத்துக்காகவோ மொழிக்காகவோ மட்டும் மாத்தாதீங்க, தலைவருக்கு மரியாதை செய்யணும்னு மட்டும் அவரு பேர ஊருக்கு வைக்காதீங்க. புதுசா வைக்கிற பேரு அதே மாநிலத்துலயோ பக்கத்துலயோ வேற ஊருக்கு இருந்து குழப்பம் பண்ணக்கூடாது. கடைசியா, பழச ஏன் எடுக்குறீங்க, புதுச ஏன் வைக்கிறீங்க ரெண்டுக்கும் தனித்தனியா காரணம் எழுதுங்க. அவ்ளோதான். சுதந்திரம் வந்து ஆறு வருஷத்துல, எங்க பாத்தாலும் வெள்ளைக்காரன் வச்ச பேரும் சிலையும் இருந்த நேரத்துல, இவ்ளோ நிதானமா ஒருத்தர் ஒக்காந்து எழுதியிருக்காரு பாருங்க. அத எத்தினி பேரு மதிச்சாங்கங்குறது வேற விஷயம். ரூல் புக்கு நல்லாருந்தா போதுமா, அத எடுத்துப் படிக்கணும்ல.

மதிக்காம போனா என்னாகும்கறதுக்கு எங்க மாவட்டமே சாட்சி. எங்க அப்பா படிச்சு முடிச்சப்ப இது தென்னாற்காடு மாவட்டம். 1993-ல விழுப்புரத்த தனியா பிரிச்சப்ப எங்களுக்கு தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம்னு பேர் வந்துச்சு, அவங்களுக்கு விழுப்புரம் ராமசாமி படையாட்சியார் மாவட்டம். அந்த காலத்துல நெறைய மாவட்டத்துக்கும் அரசு பஸ் கம்பெனிங்களுக்கும் ஒரு தலைவர் பேரு. வள்ளலாருக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது, வடலூர் இங்கதான இருக்கு, அணையா அடுப்பும் இங்கதான எரியுது, ஆனா தலைவர் பேருன்னு ஆரம்பிச்சா எங்க போயி முடியும்? 1997-ல விருதுநகர்ல ஆரம்பிச்ச போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பேர வச்சதும் தென்மாவட்டங்கள்ல கலவரம் ஆயிடுச்சு, அந்த பேர் போட்ட பஸ்ஸுல ஏறமாட்டோம்னு ஒரு கூட்டம். கடைசில அரசாங்கம் என்னா பண்ணுச்சு, ஒருத்தர் பேர மட்டும் எடுத்தா வம்புன்னு எல்லா மாவட்டத்துலேர்ந்தும் எல்லா போக்குவரத்துக் கழகத்துலேர்ந்தும் தலைவருங்க பேர ஒட்டுமொத்தமா தூக்கிடுச்சு. நாங்க கடலூர் ஆனோம். 1953-லயே எழுதி வச்ச ஒரு வரிய படிச்சிருந்தா இது எதுவுமே நடந்திருக்காது. இதுல ஏதோ ஒரு ஆறுதல்னா, எங்க வீட்டு பரண்ல தேடுனா மூணு பேர்லயும் சர்டிபிகேட் இருக்கும், அப்பாது தென்னாற்காடு, அக்காது தென்னாற்காடு வள்ளலார், என்னுது கடலூர், ஆனா வீடு அதே வீடு.

இந்த சர்வீஸ் உருப்படியா வேலை செஞ்ச கேஸும் இருக்கு. தமிழ்நாடுங்குற பேரையே எடுத்துக்குங்க. 1956-ல சங்கரலிங்கனார் 76 நாள் உண்ணாவிரதம் இருந்து உயிரையே விட்டாரு, அப்பவும் நகரல. 1967 ஜூலை 18 சட்டசபைல தீர்மானம், அடுத்த வருஷம் பார்லிமெண்ட்ல சட்டம், 1969 ஜனவரி 14 பொங்கலன்னிக்கு அமல். லேட்டுதான், ஆனா வந்தப்புறம் ஒருத்தரும் திரும்பிப் பாக்கல, ஏன்னா ஜனங்க வாயில ஏற்கெனவே இருந்த பேரத்தான் கெசட்ல ஏத்துனாங்க. புதுச்சேரியும் அப்படித்தான். நம்ம வாயில எப்பவும் புதுச்சேரி, புதுவை, அவசரத்துக்கு பாண்டி. பிரெஞ்சுக்காரன் எழுதுனது ஒண்ணு, இங்கிலீஷ்காரன் படிச்சது ஒண்ணு. 1954 நவம்பர் 1 ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்ட் 16 சட்டப்படி இந்தியாவோட சேந்து, அதுக்கப்புறமும் இங்கிலீஷ்ல பாண்டிச்சேரியாவே ஓடிக்கிட்டு இருந்துச்சு. 2006-ல பேர் மாற்ற சட்டம் வந்து அந்த வருஷம் அக்டோபர் 1லேர்ந்து புதுச்சேரி.

அந்த சட்டத்த நான் படிச்சுப் பாத்தேன், சின்னதுதான். அரசியல் சட்டத்துல எங்கெங்க பாண்டிச்சேரின்னு இருக்கோ அங்கல்லாம் மாத்துறாங்க, பழைய சட்டங்கள்ல பழைய பேரு இருந்தா அத புதுசுன்னே எடுத்துக்கணும்னு சொல்றாங்க, கோர்ட்ல நடக்குற கேஸ்ல கட்சிக்காரரா பழைய பேரு இருந்தா புதுப்பேரு தானா வந்து ஒக்காந்துக்கும். அரசாங்கத்துக்கு ஒரு குழப்பமும் வராத மாதிரி அழகா கட்டிவச்சிருக்காங்க. நமக்கு? நம்ம ஆதார்ல, பேங்க்ல, இன்சூரன்ஸ்ல இருக்குற பேரு தானா மாறிக்கும்னு எங்கயும் இல்ல. ஆஃப்டர் சேல்ஸ்னு நான் சொல்றது இததான்.

சும்மா சொல்லல, நீங்களே பாருங்க. ஆன்லைன்ல ஏதாவது ஃபாரம் ஃபில் பண்ணுங்க, மாநிலம்னு ஒரு லிஸ்ட் வரும், சில சைட்ல பி-ஓல பாண்டிச்சேரி இருக்கும், சில சைட்ல பி-யுல புதுச்சேரி இருக்கும், ஒரு சைட்ல நான் ரெண்டையும் பாத்தேன், ரெண்டுல எத அமுக்குனாலும் அடுத்த பக்கத்துல பின்கோடு தப்புங்குது. எங்க ஆபீஸ்ல கூட வேலை பாக்குற அக்கா ஒருத்தங்க, முத்தியால்பேட்டை, அவங்க ரேஷன் கார்டுல ஒண்ணு ஆதார்ல ஒண்ணு, பையன் ஸ்காலர்ஷிப்புக்கு போட்டா பொருந்தலன்னு திரும்பி வருது. கவுண்டர்ல இருந்த தம்பிகிட்ட போயி "ரெண்டும் ஒரே ஊருதான்ப்பா"ன்னு சொன்னா "எனக்கு தெரியுதுக்கா, சிஸ்டத்துக்கு தெரியலையே"ங்குறான். அவனையும் தப்பு சொல்ல முடியல. சட்டம் வந்து இருவது வருஷம் ஆவப்போவுது. பல்கலைக்கழகம் இன்னும் பாண்டிச்சேரி யுனிவர்சிட்டிதான், அது 1985-ல தனிச்சட்டத்துல வந்த பேரு, அத மாத்தணும்னா அதுக்கு தனியா வேலை பாக்கணும். ஏர்போர்ட் கோடு பி-என்-ஒய், ஸ்டேஷன் கோடு பி-டி-ஒய். மெட்ராஸ் சென்னையாகி 1996லேர்ந்து எவ்ளோ காலம் ஆச்சு, சென்ட்ரல் ஸ்டேஷன் கோடு இன்னும் எம்-ஏ-எஸ், ஏர்போர்ட் எம்-ஏ-ஏ, ஹைகோர்ட் மெட்ராஸ் ஹைகோர்ட். ஹைகோர்ட் பேர மாத்த 2016-ல ஒரு மசோதா கொண்டாந்தாங்க, சென்னை ஹைகோர்ட்டுன்னு, நம்ம சட்டசபை இல்ல இல்ல தமிழ்நாடு ஹைகோர்ட்டுன்னு வைங்கன்னு தீர்மானம் போட்டுச்சு, மசோதா நிறைவேறவே இல்ல. கோடு மாறாம இருக்குறத நான் குத்தம்னு சொல்லமாட்டேன், கோடு மாறுனா டிக்கெட் சிஸ்டம் மொத்தமும் ஆடிப்போவும், பேருங்குறது மனுஷனுக்கு, கோடுங்குறது மெஷினுக்கு. ஆனா அந்த அறிவு ரயில்வேக்கு இருக்கு, மத்த டிபார்ட்மெண்டுக்கு இல்ல. அவங்க மெஷின்லயும் பேரத்தான் வச்சு தேடுறாங்க.

ரயில்வேன்னதும் ஞாபகம் வருது, கடலூருக்கு மொதமொதல்ல வர்றவங்க ஆப்ல கடலூர்னு தேடி வர்ற ஸ்டேஷன்ல எறங்கிடாதீங்க. அது கடலூர் துறைமுகம் ஜங்ஷன், ஓ.டி.ன்னு நாங்க சொல்ற ஓல்டு டவுன் பக்கம். டவுனுக்கு நடுவுல பஸ் ஸ்டாண்டுகிட்ட எறங்கணும்னா திருப்பாதிரிப்புலியூர்னு போடணும், அந்த பேர இங்கிலீஷ்ல சரியா அடிக்கிற வெளியூர்காரன இன்னும் நான் பாக்கல. இங்க வாயில அது திருப்பாப்புலியூர், அதுவும் பாதி பேருக்கு. இது மாத்தவேண்டிய பேருன்னு சிலபேரு சொல்றாங்க, எனக்கு ஒப்புதல் இல்ல, பாடலீஸ்வரர் கோயிலவிட பழைய அடையாளம் இந்த ஊருக்கு என்னா இருக்கு. பேருக்கு பக்கத்துல பிராக்கெட்ல கடலூர் டவுன்னு போட்டா தீந்துச்சு, அதுக்கு எதுக்கு பேர மாத்தணும்.

இப்ப இந்த சர்வீஸோட மோசமான எடிஷனுக்கு வருவோம். 2020 ஜூன். ஊரே கொரோனாவுல அடைஞ்சு கெடக்குது, அப்ப தமிழ் வளர்ச்சித் துறைலேர்ந்து ஒரு அரசாணை வெளிய வருது, 1018 ஊருங்களோட இங்கிலீஷ் ஸ்பெல்லிங்க தமிழ் உச்சரிப்பு மாதிரியே மாத்துறோம்னு. யோசனை தப்பே இல்லீங்க, நானும் கைதட்டுற ஆளுதான். எழும்பூர வெள்ளைக்காரன் எக்மோர்னதையும் திருவல்லிக்கேணிய ட்ரிப்ளிகேன்னதையும் நாம எதுக்கு தூக்கிச் சுமக்கணும். ஆனா லிஸ்ட்ட தொறந்து பாத்தா, கோயம்புத்தூருக்கு கே-ஓ-ஒய்ல ஆரம்பிச்சு நடுவுல டி-ஹெச் டி-ஹெச்னு ரெண்டுதடவ போட்டு டபுள் ஓ, ஆர்னு முடிச்சிருக்காங்க. வேலூருக்கு வி டபுள் இ, எல் டபுள் ஓ, ஆர். அத ஒரு வெளிமாநிலத்துக்காரன் படிச்சா வீலூர்னுதான் படிப்பான், அதாவது எந்த உச்சரிப்ப காப்பாத்த கிளம்புனாங்களோ அதையே மாத்திட்டாங்க. மாவட்டத்துக்கு மாவட்டம் கலெக்டர் தலைமைல கமிட்டி, மேல இன்னொரு கமிட்டின்னு எல்லாம் போயிதான் இது வந்துச்சு. கமிட்டில யாருமே அந்த ஸ்பெல்லிங்க தமிழ் தெரியாத ஒருத்தர்கிட்ட நீட்டி, இத படிப்பான்னு கேட்டுப் பாக்கலையான்னுதான் என் சந்தேகம். பத்து நாள்கூட முழுசா ஓடல, ஜூன் 18 அன்னிக்கு வாபஸ்னு அமைச்சரே சொல்லிட்டாரு. அது அதோட போச்சு.

எங்க ஊரு வாட்ஸப் குரூப்ல அப்ப நடந்த சண்டை இருக்கே. பஸ் ஸ்டாண்டுகிட்ட போர்டு எழுதுற அண்ணன் ஒருத்தரு, பெயிண்ட் டப்பா தூக்குனதுலேர்ந்து சி-யு-டபுள் டினு எழுதிப் பழகுன கை, அவரு போட்ட வாய்ஸ் மெசேஜ் இன்னும் எங்கிட்ட இருக்கு. "தம்பி, நீங்க எத்தினி ஓ வேணா போடுங்க, போர்டு நீளம் அதே நீளந்தான, எழுத்து சின்னதாவும், பஸ்ஸுலேர்ந்து பாக்குறவனுக்கு தெரியாது, அத யாராச்சும் யோசிச்சீங்களா"ன்னு. அரசாணைய விட அவரு பேசுனதுல விஷயம் இருந்துச்சு. ஒரு எழுத்து கூடுனா கடை போர்டு, லெட்டர் பேடு, ரப்பர் ஸ்டாம்ப், ஜிஎஸ்டி, பேங்க் எல்லாம் மாறணும், அந்த செலவ ஏத்துக்குறது யாருன்னு அரசாணைல ஒரு வரி இல்ல.

சரி, எங்க தெரு கதை.

நான் பொறந்து வளந்த தெரு ஊருக்கு வெளிய இருக்குற காலனி. காலனின்னா புதுச்சேரில யாராச்சும் வேற மாதிரி நெனச்சுக்கலாம், வெள்ளை மதில், போகன்வில்லா, ஆபீஸர் குவார்ட்டர்ஸ். கடலூர் பக்கம் கிராமத்துல காலனின்னு சொன்னா அடுத்த கேள்வி யாரும் கேக்கமாட்டாங்க, கேக்கவேண்டியது இல்ல, அட்ரஸ்லயே எங்க சாதி இருக்கு. இன்டர்வியூக்கு பயோடேட்டா எழுதும்போது அந்த ஒரு வார்த்தைய விட்டுட்டு தெருப்பேர மட்டும் எழுதுவோம், கொரியர் வராது. எழுதுனா கொரியர் வரும், வேலை வருமாங்குறது அவங்க மனச பொறுத்தது. எங்க பெரியப்பாதான் இத விடாம புடிச்சவரு. ஊராட்சில பேசி, கிராம சபைல பேசி, பேர மாத்தியே தீருவோம்னு நின்னாரு. பழகிப்போன பேர மாத்தாதீங்கன்னு 1953 ரூல் சொல்லுதுல்ல, எங்களுக்கும் பழகிப்போன பேருதான் இது, ஆனா விசேஷமான காரணம்னு அதுலயே ஒரு வழி வச்சிருக்காங்களே, இதவிட விசேஷமான காரணம் என்னா வேணும்.

பேர் என்ன வைக்கிறதுன்னு வந்தப்ப பசங்க எல்லாம் அம்பேத்கர் நகர்னு ஒரே குரல். அப்ப எங்க தெருவுல இருக்குற ரிடையர்டு போஸ்ட்மேன் தாத்தா எந்திரிச்சு "பேரு நல்ல பேருதான்யா, ஆனா பக்கத்து ஊர்லயும் அம்பேத்கர் நகர், அதுக்கு அடுத்த ஊர்லயும் அம்பேத்கர் நகர், ஒரே தபாலாபீஸ், ஓஏபி, அதான் முதியோர் பென்ஷன் பணம் மாறிப்போனா என்ன கேக்காதீங்க"ன்னாரு. அவரு எந்த உள்துறை கடிதத்தையும் படிச்சவரு இல்ல, பை தூக்கி நடந்தே அந்த ரூல தெரிஞ்சுக்கிட்டவரு. பின்கோடே 1972-ல அதுக்குத்தான வந்துச்சு, ஒரே பேர்ல ஊருங்க இருந்து தபால் மாறிப்போனதாலயும், ஆளாளுக்கு ஒரு மொழில அட்ரஸ் எழுதுனதாலயும். கடைசில நகர்ங்குறத எடுத்துட்டு வீதின்னு போடலாம், புதுச்சேரில எல்லாம் வீதிதான, வித்தியாசமா இருக்கும்னு பெரியப்பா சொல்லி, அம்பேத்கர் வீதின்னு தீர்மானம் ஆச்சு. போர்டு வந்துச்சு. மஞ்சள் பெயிண்ட்ல நீல எழுத்து. அன்னிக்கு எங்க அத்தை அந்த போர்டுகிட்ட நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க, கல்யாணத்துக்குக் கூட சிரிக்காத ஆளு.

போர்டோட சர்வீஸ் முடிஞ்சுது. வீட்டு வரி ரசீதுல பழைய பேரு. ரேஷன் கார்டுல பழைய பேரு. அடுத்த வருஷமும் வீட்டு வரி ரசீதுல பழைய பேரு. கேட்டா கம்ப்யூட்டர்ல மேலேர்ந்து மாத்தணும்பாங்க, மேல கேட்டா கீழேர்ந்து லெட்டர் வரணும்பாங்க. எந்த ஆபீஸ்னு பேர் சொல்லல, சொன்னா அங்க இருக்குற ஒருத்தர்மேல போயி விழும், தப்பு ஒருத்தர்மேல இல்ல, தீர்மானம் போட்ட தகவல எத்தினி இடத்துக்கு அனுப்பணும்னு ஒரு லிஸ்ட்டே யார்கிட்டயும் கிடையாது. கூகுள் மேப்ல மட்டும் எங்க தெரு பையன் ஒருத்தன் எடிட் போட்டு சட்டுனு மாத்திட்டான், சாப்பாடு ஆர்டர் பண்ணா புதுப்பேர்ல வருது, பென்ஷன் பழைய பேர்ல வருது.

2025 ஏப்ரல்ல முதலமைச்சர் சட்டசபைல காலனிங்குற வார்த்தைய அரசு ஆவணத்துலேர்ந்தும் பொதுப்புழக்கத்துலேர்ந்தும் எடுத்துடுவோம்னு அறிவிச்சாரு, அக்டோபர்ல சாதிப்பேர் இருக்குற குடியிருப்பு, தெரு, குளம் இதுக்கெல்லாம் பேர் மாத்துறதுக்கு வழிமுறையோட அரசாணை வந்துச்சு, கருத்து கேட்டு செய்யணும், பூ பேரு வைக்கலாம், தலைவருங்க பேரு வைக்கலாம்னு எல்லாம் போட்டு. அறிவிப்பு வந்த அன்னிக்கு பெரியப்பா டீவி சத்தத்த கூட்டி வச்சு கேட்டாரு. எனக்கு சந்தோஷம்தான், மறைக்கல, ஒரு தெருவோட சண்டையா இருந்தது ஒரு மாநிலத்தோட உத்தரவா ஆயிருக்கு. ஆனா இந்த சர்வீஸ ஏற்கெனவே வாங்கி அனுபவிச்சவன்ங்குற முறைல சொல்றேன், பேர் வைக்கிறது எப்படின்னு பேசுற அளவுக்கு வச்ச பேர எங்கெங்க ஏத்துறதுன்னு யாரும் பேசமாட்டேங்குறாங்க. எங்க தெருல போர்டு மாறி, சாவு பத்திரிகைல மாறி, கல்யாண பத்திரிகைல மாறி, இன்னும் சர்க்கார் ரெஜிஸ்டர்ல மாறலன்னா, அந்த பழைய வார்த்தை எங்க இருக்கக்கூடாதோ அங்க மட்டும்தான் உயிரோட இருக்கு.

இதே பிரச்சனை வேற விதத்துல புதுச்சேரிலயும் பாக்கலாம். புஸ்ஸி வீதிக்கு லால் பகதூர் சாஸ்திரி வீதின்னு பேர் வச்சு எவ்ளோ காலமாச்சு, ஆட்டோகாரர்கிட்ட சாஸ்திரி வீதின்னு சொல்லிப்பாருங்க, ரெண்டு செகண்ட் யோசிச்சுட்டு "ஓ, புஸ்ஸி வீதியா"ம்பாரு. கூபேர் அவென்யூன்னா யாருக்கும் தெரியாது, பீச் ரோடு. மாயவரத்த 1982-ல மயிலாடுதுறைன்னு மாத்துனாங்க, எங்க பக்கத்து சீட்டு பாட்டி இன்னும் மாயவரத்துக்கு ஒரு டிக்கெட்டுன்னுதான் கேக்குது, கண்டக்டரும் ஒண்ணும் சொல்லாம கிழிச்சுக் குடுக்குறாரு. அங்க ரெஜிஸ்டர் மாறிடுச்சு, வாய் மாறல. எங்க தெருல வாய் மாறிடுச்சு, ரெஜிஸ்டர் மாறல. மொத வகைய விட்டுடலாம், பாட்டிக்கு ஒரு நஷ்டமும் இல்ல. ரெண்டாவதுல வேலை போவுது.

அதனால ரேட்டிங்: ரூல் புக்குக்கு அஞ்சு, வேகத்துக்கு ரெண்டு, கருத்து கேக்குறதுக்கு ரெண்டரை, 2020 எடிஷனுக்கு அரை, ஆஃப்டர் சேல்ஸுக்கு பூஜ்ஜியம். கூட்டிக் கழிச்சு மூணு ஏன் குடுத்தேன்னா அந்த போர்டுக்காக, அத்தை போட்டோவுக்காக. கணக்கு சரியா வரலன்னு கமெண்ட்ல சொல்லாதீங்க, தெரியும்.

உங்க ஊருலயோ தெருவுலயோ பேர் மாறப்போவுதுன்னா நாங்க தெரிஞ்சுக்கிட்டத சொல்றேன். பட்டாவ பத்தி பயப்படாதீங்க, அது வருவாய் கிராமம், சர்வே நம்பர்ல ஓடுறது, தெருப்பேர் மாறுனா அதுக்கு ஒண்ணும் ஆவாது, யாராச்சும் பட்டாவுக்கும் மாத்தணும்னு காசு கேட்டா எழுந்து வந்துடுங்க. கரண்ட் பில்லும் அப்படித்தான், சர்வீஸ் நம்பர் அதேதான், அட்ரஸ் மட்டும் மாத்துனா போதும், கடைசில பண்ணிக்கலாம். வோட்டர் லிஸ்ட்டுக்கு ஃபார்ம் 8. ஆதார் சென்டர்ல அட்ரஸ் மாத்த 75 ரூபா, ஆனா புது அட்ரஸுக்கு ப்ரூஃப் கேப்பாங்க, ப்ரூஃப்னா ரேஷன் கார்டும்பாங்க, ரேஷன் கார்ட மாத்தப்போனா ஆதார் கேப்பாங்க, இந்த வட்டத்துல மாட்டாம இருக்கணும்னா பேங்க் பாஸ்புக்க மொதல்ல முயற்சி பண்ணிப் பாருங்க, எங்க தெருல ரெண்டு மூணு பேருக்கு அந்த வழிதான் தொறந்துச்சு. பழைய ஸ்கூல் சர்டிபிகேட்ட, பொறப்பு சான்றிதழ மாத்தணும்னு அலையாதீங்க, அது அந்த தேதில இருந்த பேரு, அப்படியே இருக்கட்டும்.

எல்லாத்துக்கும் மொதல்ல தீர்மான நகல் ஒண்ணு கேட்டு வாங்கிடுங்க, சும்மா குடுக்கமாட்டாங்க, எழுதிக்குடுத்து கேளுங்க, அப்பவும் குடுக்கலன்னா தகவல் உரிமை சட்டத்துல பத்து ரூபா கட்டி கேளுங்க. கைக்கு வந்ததும் கவுண்டர விட்டு நகராம அங்கயே நின்னு தீர்மான நம்பரும் தேதியும் தெளிவா விழுந்திருக்கான்னு பாருங்க. எங்களுக்கு குடுத்ததுல தேதி மேலயே வட்ட சீல குத்திட்டாங்க, எந்த வருஷம்னு இப்ப எங்க பெரியப்பா வாயாலதான் சொல்ல வேண்டியிருக்கு, அத எந்த கவுண்டர்லயும் ஏத்துக்க மாட்டேங்குறாங்க.